"சாப்பிடுறானே, அப்புறம் என்ன?" – நாய், பூனை பல் பராமரிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாய் இருந்தது. கோம்பையிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தது. செம்பழுப்பு உடம்பும் கரிய மூஞ்சியுமாக இருக்கும் அந்த இனத்துக்கே அந்த ஊர்ப் பெயர்தான் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏழு வயதானபோது வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. திராட்சைத் தோட்டத்துக் கம்பி குத்தியிருக்கும் என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் பூசினோம். நாலு நாளில் உடைந்து, சீழ் வந்து, வற்றிவிட்டது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வீங்கியது. இந்த முறை மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அதுவும் வற்றியது. மூன்றாவது தடவை வந்தபோதுதான் ஒரு கால்நடை மருத்துவர் கண்ணைப் பார்க்காமல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். மேல் கடைவாயின் பெரிய பல் நெடுக்காகப் பிளந்து, ஒரு சில்லு ஈறோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வேர் முழுக்கச் சீழ். அந்த வேரின் நுனி கண்ணுக்கு நேர் கீழே இருப்பதால்தான் வீக்கம் அங்கே வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் ஆசையாகப் போட்ட ஆட்டுக்கால் எலும்பு செய்த வேலை அது.

அந்த ஏழெட்டு மாதத்தில் செவலை ஒரு வேளைச் சோற்றைக்கூட மிச்சம் வைத்ததில்லை. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. இன்றைக்கும் யாரிடமாவது "உங்க நாய் வாய் நாறுதே, பல்லைப் பார்த்தீங்களா?" என்று கேட்டால், "சாப்பிடுறானே, அப்புறம் என்ன?" என்பதுதான் பதிலாக வருகிறது. குமுளியில் எனக்குத் தெரிந்த சேச்சியும் அவர் மொழியில் அதையேதான் சொன்னார்: "தின்னுன்னுண்டல்லோ, பின்னெந்தா?" மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை. நாயும் பூனையும் பல் வலித்தாலும் சாப்பிடும். வலிக்காத பக்கமாகத் தள்ளிக் கடிக்கும். அதுவும் முடியாவிட்டால் மெல்லாமல் விழுங்கும். தட்டு காலியாவதை வைத்து வாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யவே கூடாது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கீழே நான் எழுதுவது எல்லாம் அந்தப் பழக்கத்தை உங்கள் வீட்டில் கொண்டுவருவதற்காகத்தான்.

பல் எப்படிக் கெடுகிறது

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள், வளர்ந்த நாய்க்கு 42. பூனைக்குட்டிக்கு 26, வளர்ந்த பூனைக்கு 30. நமக்கு வருவதுபோல் சொத்தைப் பல் நாய்க்கு அவ்வளவாக வருவதில்லை. அதன் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது; அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே எச்சில்தான் பல்லில் காரை பிடிப்பதற்கும் வசதி செய்து கொடுக்கிறது.

சுத்தமான பல்மேல் ஒரு நாளுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பான படலம் ஒன்று படியும். முழுக்க முழுக்கக் கிருமிகள். அந்த நிலையில் ஒரு துணியால் துடைத்தாலே போய்விடும். விட்டுவிட்டால், எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதன்மேல் இறங்கி, இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகத் தொடங்கும். காரை இறுகிய பிறகு எந்த பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை தேய்த்தால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். படலமாக இருக்கும்போதே துடைக்க வேண்டும் என்பதால் தினமும் தேய்க்கச் சொல்கிறார்கள். முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்கு மேல் இடைவெளி விட்டால் பெரிய பயன் இல்லை.

வெளியே தெரியும் மஞ்சள் காரையை விட ஈறுக்கு அடியில் இறங்கும் கிருமிகள்தான் ஆபத்து. முதலில் ஈறின் ஓரம் சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். அதையும் தாண்டினால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு திரும்ப வராது. மூன்று வயதைத் தாண்டிய பெரும்பாலான நாய்களுக்கு ஏதோ ஒரு அளவில் இந்த ஈறு நோய் இருக்கிறது. பொமரேனியன், டாக்ஸ்ஹண்ட், பக் மாதிரியான சின்ன நாய்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். சின்னத் தாடையில் 42 பல்லும் நெருக்கியடித்து நிற்பதுதான் காரணம். இந்த நோய் முற்றிப்போன சின்ன நாய்க்குக் கட்டிலிலிருந்து குதித்ததற்கே கீழ்த்தாடை முறிந்துபோவது உண்டு. மேல் கோரைப்பல்லின் வேரைச் சுற்றி எலும்பு கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழும். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, ஓயாத தும்மல் என்றால் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல் அந்தப் பக்கத்துப் பல்லைப் பாருங்கள்.

வாயில் கை வைப்பதற்கு முன்

இதை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். நாயின் வாயைத் தொடப் போகிறீர்கள் என்றால் அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் அடுத்தடுத்து. நம் பக்கத்தில் நாய்கள் தோட்டம், ரோடு, காடு என்று எங்கும் சுற்றிவிட்டு வருகின்றன. எந்த நாயோடு எங்கே சண்டை போட்டது என்று நமக்குத் தெரியாது.

திடீரென்று எச்சில் ஒழுகுகிறது, தாடை தொங்குகிறது, வாயை மூட முடியவில்லை, விழுங்கத் திணறுகிறது, குரல் மாறிவிட்டது, நடவடிக்கை வேறு மாதிரி இருக்கிறது என்றால், "எலும்பு சிக்கியிருக்கும், எடுத்துவிடலாம்" என்று கையை உள்ளே விடவே விடாதீர்கள். ரேபிஸ் வந்த நாயும் அப்படித்தான் இருக்கும். அதைத் தனியாக அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சில் உங்கள் கைக்காயத்தில் பட்டாலோ, பல் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கீறல் சின்னதுதானே என்று நாளைக்குத் தள்ளாதீர்கள்.

தெருநாய்க்குச் சோறு போடுகிற நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றின் பல்லை நீங்கள் பார்க்க வேண்டாம். எச்சில் ஒழுகினால், வாய் வீங்கியிருந்தால், விலகி நின்று ஒரு வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டினாலே போதும்.

முதல் படி: உதட்டைத் தூக்கிப் பார்ப்பது

வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்; தாடையைப் பிடித்துப் பிளக்கப் போனால் எந்த நாயும் மிரளும். நாய் அசதியாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். எதிரே நின்று குனிய வேண்டாம். கன்னத்தைத் தடவிக்கொண்டே மேலுதட்டை விரலால் லேசாகத் தூக்குங்கள். முன்பல்லும் கோரைப்பல்லும் தெரியும். அப்படியே உதட்டின் ஓரத்தைப் பின்னால் இழுத்தால் மேல் கடைவாயின் பெரிய பல் தெரியும். கன்னத்திலிருந்து எச்சில் வந்து விழும் குழாய் அந்தப் பல்லுக்கு எதிரில்தான் திறக்கிறது. அதனால் காரை முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஐந்து நொடி பார்த்துவிட்டு விடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். வலது பக்கம் பளிச்சென்றும் இடது பக்கம் காரை மண்டியும் இருந்தால், இடது பக்கம் கடிக்கவே இல்லை, அங்கே வலி இருக்கிறது என்று அர்த்தம்.

ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறில் கருப்புத் திட்டு பிறப்பிலேயே இருக்கும். அது நோய் அல்ல. பல்லின் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஓடினால் ஈறு அழற்சியின் ஆரம்பம். ஈறு வெளிறி வெள்ளையாக இருந்தால் அது பல் பிரச்சினையே இல்லை, ரத்தம் குறைந்திருக்கிறது. உண்ணி கடித்து வரும் காய்ச்சல் இங்கே சாதாரணமாகப் பார்ப்பது, உடனே காட்டுங்கள். ஈறு மஞ்சளாக இருந்தாலும் அப்படியே. பல்லைப் பார்க்கப் போய் வேறொரு நோயைச் சீக்கிரமே பிடித்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல்லிலேயே சில குறிப்புகள் உண்டு. ஒரே ஒரு பல் மட்டும் ஊதா அல்லது சாம்பல் நிறமாக மாறியிருந்தால், அடிபட்டு உள்ளே உயிர் போன பல்லாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முனை உடைந்த பல்லின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் நரம்பு திறந்திருக்கிறது; கறுப்புப் புள்ளி என்றால் அது திறந்து நாளாகிவிட்டது. இரண்டையுமே விட்டுவைக்கக் கூடாது. குட்டியிலேயே டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்க்கு, பல் முளைக்கும்போதே மேல்பூச்சு சரியாக உருவாகாமல் பழுப்பாகக் குழி விழுந்திருக்கும். அது தேய்த்தாலும் போகாது. அந்தப் பல் சீக்கிரம் தேயும் என்பதால் கெட்டியான எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

வாய் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "நாய் வாய்னா நாறத்தான் செய்யும்" என்பது உண்மை இல்லை. நல்ல வாயில் சாப்பாட்டு வாசனை இருக்கும், அழுகிய நாற்றம் இருக்காது.

குட்டி இருக்கும் வீட்டுக்காரர்கள்

மூன்று, நாலு மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும். விழுந்த பல்லை அதுவே விழுங்கிவிடும், பயப்பட வேண்டாம். பொம்மையில் ரெண்டு சொட்டு ரத்தம் இருப்பதும் சகஜம். நனைத்து முறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்த பருத்தித் துணியைக் கடிக்கக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். ஆறு ஏழு மாதத்தில் 42 பல்லும் வந்திருக்க வேண்டும். அப்போது ஒருமுறை கோரைப்பல்லைப் பாருங்கள். பால் பல் விழாமல், அதன் பக்கத்திலேயே புதுப்பல் முளைத்து இரட்டையாக நின்றால் மருத்துவரிடம் எடுத்துவிடச் சொல்லுங்கள். கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே இதையும் முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தேய்க்கப் பழக்குவது

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு முதல் நாளே பிரஷ்ஷை வாயில் திணித்தால், பிறகு ஆறு மாதத்துக்கு பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

முதல் வாரம் வெறும் விரல் மட்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். எங்கள் வீட்டில் சாயங்காலம், எஸ்டேட் ஜீப்புகள் கம்பம்மெட்டு இறங்கி வருகிற நேரம்; நாய்க்கு அந்தச் சத்தமே மணி அடித்த மாதிரி. கன்னத்தைத் தொடுவது, உதட்டைத் தூக்குவது, விட்டுவிட்டு ஒரு வாய் வெந்த கோழி கொடுப்பது. அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம், வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரில் விரலை நனைத்து, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தடவுங்கள். நக்கிப் பார்க்கும், பிடித்துப்போகும். மூன்றாம் வாரம் விரலில் மெல்லிய வெள்ளைத் துணியையோ மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணியையோ சுற்றிக்கொண்டு அதே மாதிரி துடையுங்கள். இங்கேயே பாதிப் பலன் வந்துவிடும். பிரஷ்ஷை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிற நாய்க்கு இதையே தினமும் செய்துகொண்டிருந்தாலும் நல்லதுதான்.

நாலாம் வாரம் பிரஷ். நாய்க்கென்று விற்பது கிடைத்தால் சரி. இல்லையென்றால் சின்னக் குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ் போதும். ஈறின் ஓரத்தில் சாய்வாக, 45 டிகிரியில் வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். வாயை மூடியிருந்தபடியே, உதட்டுக்கு உள்ளே பிரஷ்ஷை விட்டு, பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல் கடைவாயில் தொடங்குங்கள். நேரம் கிடைக்காத நாளில் அந்த இரண்டு பெரிய பற்களையாவது தேய்த்துவிடுங்கள். பக்கத்துக்கு அரை நிமிடம்.

முதல் சில நாள் லேசாக ரத்தம் கசிந்தால் நிறுத்த வேண்டாம். மெதுவாகத் தொடர்ந்தால் ஈறு இறுகிக் கசிவு நின்றுவிடும். இரண்டு வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றால் காட்டுங்கள். எப்போதும் சாதுவாக இருக்கிற நாய் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் உறுமினால், அது அடம் இல்லை. அங்கே வலிக்கிறது. அதட்டாமல் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எதை வைத்துத் தேய்ப்பது

நம் டூத்பேஸ்ட் கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். நுரை வரவைக்கும் பொருளும் ஃபுளோரைடும் வயிற்றுக்குள் போகும். அதைவிட மோசம், சில பேஸ்ட்டிலும் சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால். மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி, ஈரலையும் கெடுத்துவிடும். பிராணிகளுக்கான பேஸ்ட் கோழி, கறி வாசனையில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் கவலை இல்லை, வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷே போதும். படலத்தை எடுப்பது தேய்ப்புதான், பேஸ்ட் இல்லை.

பல்பொடி, அடுப்புச் சாம்பல், கரி, உப்பு, சமையல் சோடா எதுவும் வேண்டாம். பொடி வகைகள் மேல்பூச்சைத் தேய்த்துவிடும்; உப்பும் சோடாவும் வயிற்றுக்குள் போய்த் தொந்தரவு கொடுக்கும். கிராம்புத் தைலம் நமக்குப் பல்வலிக்குப் பாட்டி வைத்தியம், ஆனால் பூனைக்கு நஞ்சு.

பல்வலி என்று தெரிந்ததும் வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், ஒரு மாத்திரையே போதும். இபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். நாங்கள் செவலைக்குக் கடையில் கேட்டுக் கொடுத்த மாத்திரையும் சீழை வற்றவைத்ததே தவிர உடைந்த பல்லை ஒன்றும் செய்யவில்லை. வீக்கம் வற்றுவதை நாம் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். பல் உள்ளே இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப வரும்.

கடிக்க என்ன கொடுக்கலாம்

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று ஊரே சொல்லும். கொஞ்சம் காரை உரியும் என்பது சரிதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, மேல் கடைவாய்ப் பல் பிளப்பது. வேகவைத்த எலும்பு கூடுதலாக ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். எதைக் கொடுக்கலாம் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் கொடுக்கலாம். பதியவில்லை என்றால் பல்லுக்கு அது கல். கால் எலும்பு, மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, தேங்காய்ச் சிரட்டை எல்லாமே அந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

நல்ல ரப்பர் பொம்மை கொடுக்கலாம். பச்சைக் கேரட் துண்டு பல நாய்க்குப் பிடிக்கும், கெடுதல் இல்லை. பல் சுத்தத்துக்கு என்று விற்கும் குச்சிகள் வாங்கினால், 1997 முதல் இயங்கும் வி.ஓ.ஹெச்.சி. என்ற அமெரிக்கக் கால்நடை வாய்நலக் குழுவின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; காரையைக் குறைக்கிறது என்று சோதனையில் காட்டிய பொருளுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். டென்னிஸ் பந்தை நாள் முழுக்க மென்றுகொண்டிருக்க விடாதீர்கள். அதன் மேல்பஞ்சில் மண் ஒட்டிக்கொண்டு அரத்தைப் போலப் பல்லைத் தேய்க்கும்.

ஒரு விஷயம் பல்லைப் பற்றியதல்ல, ஆனாலும் நம் ஊரில் சொல்லியே ஆக வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். பல் தேய்த்ததற்குப் பரிசாக ஒரு பழம் என்று கையில் எடுக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடப்பதைத் தின்ன விடாதீர்கள். உலர்திராட்சையும் அப்படித்தான்.

அப்புறம் ஏலத்தோட்டங்களில் காவலுக்குக் கட்டி வைக்கும் நாய்கள். வண்டன்மேடு பக்கம் வேலைக்குப் போகிறவர் ஒருவர், "அக்கா, எங்க எஸ்டேட் நாய்க்குக் கோரைப்பல்லு பின்னாடி அருவாள் மாதிரி தேஞ்சு போச்சு" என்று சொன்னார். சங்கிலியைக் கடித்துக் கடித்து வருவது அது. நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய், கூண்டில் கிடக்கும் நாய் எல்லாவற்றுக்கும் கோரைப்பல்லின் பின்பக்கம் இப்படித் தேயும். தேய்ந்த பல் ஒருநாள் அடியோடு முறியும். இதற்கு பிரஷ் மருந்தல்ல. ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது அவிழ்த்துவிட வேண்டும். கட்டினாலும் கழுத்தருகில் கடிக்கு எட்டும் தூரத்துக்குத் துணிப்பட்டை போட்டு, அதன் பிறகு சங்கிலியை மாட்டலாம். கடிக்க வேறு ஏதாவது போட வேண்டும்.

பூனை

பூனைக்கு வேறு அணுகுமுறை. மடியில் வைத்து, வேண்டுமானால் துண்டில் சுற்றி, பின்பக்கத்திலிருந்து கன்னத்தைத் தடவுவதுபோல உதட்டைத் தூக்குங்கள். பிரஷ்ஷை விட காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சி வசதி; மீன் வேகவைத்த தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் செய்தாலும் போதும். கோபப்பட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பூனைக்கென்றே ஒரு கொடுமையான நோய் இருக்கிறது. பல்லை உடம்பே கரைத்துவிடும். ஈறின் ஓரத்தில் பல்லில் ஒரு சிவப்புக் குழி தெரியும், அங்கே ஈறு பல்மேல் ஏறியிருக்கும். தொட்டால் தாடை துடிக்கும், அவ்வளவு வலி. இன்னொன்று, வாய் முழுக்க வெந்துபோனதுபோல் சிவந்து புண்ணாவது. கேலிசி வைரஸுக்கு அதில் பங்கு உண்டு. பசியோடு தட்டுக்கு ஓடிவந்து, ஒரு வாய் வைத்ததும் சீறிவிட்டு ஓடும் பூனையைப் பார்த்தால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் தன்னை நக்கிச் சுத்தமாக வைத்திருந்த பூனையின் ரோமம் சடை விழுந்திருந்தால் அதுவும் வாய்வலியின் அடையாளம். இவற்றுக்குப் பெரும்பாலும் பல்லை எடுப்பதுதான் தீர்வு. பயப்படாதீர்கள். பல்லே இல்லாத பூனை மத்தியை மசித்துக் கொடுத்தால் சுத்தமாகச் சாப்பிட்டுவிடும், வலியோடு 30 பல் இருந்தபோது சாப்பிட்டதைவிட நன்றாகவே.

மூன்றாம் படி: மருத்துவரிடம் போவது

வருடத்துக்கு ஒருமுறை தடுப்பூசிக்குப் போகும்போதே வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன நாய்க்கும் ஏழு வயதைத் தாண்டியதற்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எச்சிலில் ரத்தம், ஆடும் பல், கண்ணுக்குக் கீழே வீக்கம், ஈறில் புதிதாக ஒரு கட்டி, உடைந்த பல் இவற்றில் எது இருந்தாலும் வருடக் கணக்குப் பார்க்காமல் உடனே போங்கள். வயதான நாயின் வாயில் கட்டி என்றால் புற்றுநோயாகவும் இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் வழி இருக்கிறது.

நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைக்குப் பெரிய இடம் தேவைப்படலாம். நமக்குத் தேனியில் 2020-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செங்கோட்டைப் பக்கத்தார் திருநெல்வேலிக் கல்லூரிக்குப் போகலாம். பாலக்காட்டு எல்லையில் இருப்பவர்களுக்குத் திருச்சூர் மண்ணுத்தி. எங்கே போனாலும் முன்கூட்டியே போன் செய்து, பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா, எந்த நாளில் இந்த வேலை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மயக்க மருந்து என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைப் பயன்படுத்தித்தான் "மயக்கம் இல்லாமலே காரை எடுத்துத் தருகிறோம்" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். விழித்திருக்கும் நாய் ஈறுக்கு அடியில் கருவியை விட விடாது. வெளியே தெரிகிற காரையை மட்டும் சுரண்டிவிட்டால் பல் வெள்ளையாகத் தெரியும், நோய் உள்ளேயே இருக்கும், நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். கம்பிக் கருவி வாங்கி வீட்டிலேயே சுரண்டுவதும் தப்பு. பல்லில் விழும் கீறலில் அடுத்த காரை இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

முறையாகச் செய்தால் இப்படி நடக்கும்: முதலில் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகமும் ஈரலும் மயக்கத்தைத் தாங்குமா என்று பார்க்க. முந்தின இரவிலிருந்து சாப்பாடு நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் எதுவரை என்று மருத்துவரிடமே கேளுங்கள். மயங்கியதும் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் வைப்பார்கள். காரையும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பது அதுதான், அதனால் வைப்பீர்களா என்று தயங்காமல் கேட்கலாம். பல்லின் பெரும்பகுதி ஈறுக்குள் மறைந்திருப்பதால் எக்ஸ்ரே. பிறகு ஈறுக்கு மேலும் கீழும் காரையை எடுக்கும் ஸ்கேலிங், கடைசியில் பாலிஷ். பாலிஷ் செய்யாமல் அனுப்பினால் சொரசொரப்பில் காரை சீக்கிரம் திரும்பிவிடும். எந்தப் பல்லைக் காப்பாற்றலாம், எதை எடுக்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியும் என்பதால், மயக்கத்தில் இருக்கும்போது உங்களைக் கூப்பிட ஒரு போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

பல் எடுத்து வந்த பிறகு

அன்று ராத்திரி நாய் தள்ளாடும், முனகும்; மயக்கம் தெளிகிற முனகல் அது. சூடில்லாமல் குழைத்த தயிர்சோறோ மசித்த கோழியோ கொஞ்சமாக வையுங்கள். எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் ரத்தம் ஒரு நாள் வரலாம். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தால் கூப்பிடுங்கள். வலி மாத்திரையை, "சாப்பிடுறானே" என்று பாதியில் நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த நாள் முழுக்கக் கொடுங்கள். பத்துப் பதினான்கு நாள் மென்மையான சாப்பாடு. இழுத்து விளையாடும் கயிறு, பந்து, கடிக்கிற பொருள் எதுவும் வேண்டாம். தையல் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். அதுவரை அந்தப் பக்கம் பிரஷ் போகக் கூடாது. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த, பிராணிகளுக்கான வாய்க் கழுவுநீர் எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன அளவில் தெளித்து விடுங்கள்.

இரண்டு வாரம் கழித்துக் காட்டி, ஈறு ஒட்டிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் மறுபடி தேய்க்கத் தொடங்கலாம். நேரடியாக பிரஷ்ஷுக்குப் போகாதீர்கள். செவலைக்கு நாங்கள் செய்ததுபோல முதல் வாரத்துக்கே திரும்பிப் போங்கள்: சாயங்காலம், அதே இடம், வெறும் விரல், எடுத்த பல்லுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து.